மூன்று முறை கூப்பிட்ட பெயர்

ஹேசல்டன், சசெக்ஸ்
5 ஜூன் 1974

திருமதி மெக்கே அவர்களுக்கு,

நேற்று மத்தியானம் என் வீட்டு முன்கதவைத் தட்டியது நீங்கள்தான். நான் வீட்டில்தான் இருந்தேன். திரைக்குப் பின்னால் நின்று உங்களைத் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு ஷூ, கழுத்தில் காமிரா, கையில் காகிதக் கட்டு. காகிதக் கட்டோடு வருகிறவர்களுக்கு நான் கதவு திறப்பதில்லை. முன்கதவைத் தட்டும்போதே நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை என்று தெரிந்துபோயிற்று. இங்கே முன்கதவு இருப்பது சவப்பெட்டி வெளியே போவதற்கு. மற்றபடி எல்லாரும் பின்பக்கம்தான்.

கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போன சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். கனடாவிலிருந்து வந்திருக்கிறீர்கள், பிறந்த வீட்டுப் பெயர் பெல்லிங், உங்கள் முன்னோர் இந்த வீட்டில் பிறந்தவர்கள், லூயிஸ் நகரத்தில் தங்கி, நிலம் யார் கைக்கு மாறியது என்று எழுதி வைத்த பழைய பண்ணைக் கோர்ட் புத்தகங்களைப் படித்துக் குடும்பக் கதை எழுதப்போகிறீர்கள். நல்லது. ஆனால் செத்தவர்களைத் தேடி யாரும் கடல் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் விட்டுப்போனதைத் தேடித்தான் வருவார்கள்.

நீங்கள் போனதும் எதிர்வீட்டு டப்பன் அம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள். "கெசியா, அந்தம்மா உன் புகைபோக்கிய மூணு போட்டோ எடுத்துச்சே, வீட்ட விக்கப் போறியா?" என்றாள். "நீதான உள்ள கூப்பிட்டு டீ குடுத்த, அவகிட்டயே கேக்க வேண்டியதுதான?" என்றேன். கேட்டிருப்பாள். டப்பன் வீட்டில் குடிக்கிற ஒவ்வொரு கப் டீக்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

எனக்கு எண்பத்திரண்டு வயது. நானும் பெல்லிங் வீட்டில் பிறந்தவள்தான். ஹோட் என்பது புருஷன் வழியில் வந்த பெயர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு விற்பனைக்கு இல்லை. நீங்கள் எந்தப் பெல்லிங், யார் வழி, என்ன வேண்டும், மூன்றையும் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். நேரில் வரவேண்டாம்.

இப்படிக்கு,
கெசியா ஹோட்


லூயிஸ்
8 ஜூன் 1974

மதிப்பிற்குரிய திருமதி ஹோட் அவர்களுக்கு,

வணக்கம். கோபத்தோடுதான் என்றாலும் பதில் எழுதினீர்கள். அதற்கு நன்றி. முன்கதவு விஷயம் எனக்குத் தெரியாது, மன்னியுங்கள். புகைபோக்கியைப் படம் எடுத்ததற்கும் மன்னியுங்கள். அதில் எங்கள் குடும்பத்தின் முதலெழுத்து செதுக்கியிருந்ததைப் பார்த்ததும் கை தானாகக் காமிராவுக்குப் போய்விட்டது.

நீங்கள் கேட்டபடி நேராகவே சொல்கிறேன். எனக்கு அறுபத்தேழு வயது. ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. என் தாத்தா பெயர் சைலஸ் பெல்லிங். அவருடைய அப்பா ரூபன் பெல்லிங். ரூபன், தன் மனைவி சாரிட்டியோடும் சின்னக் குழந்தையாக இருந்த என் தாத்தாவோடும் 1837-ஆம் வருஷம் இந்த ஊரிலிருந்து கப்பலேறி ஒன்டாரியோவுக்கு வந்தவர்.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. ரூபன் மூத்த மகன். அப்பா இறந்ததும் தம்பி ஆமோஸ் கோர்ட்டில் ஏதோ செய்து, வீட்டையும் ஆறு ஏக்கரையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு அண்ணனைத் துரத்திவிட்டான் என்று. கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் யாராவது இரண்டாவது முறை புட்டிங் எடுத்தால், "இது ஒரு ஆமோஸ்" என்று எங்கள் அப்பா கேலி செய்வார். ஆமோஸ் உங்கள் தாத்தா என்று திருமதி டப்பன் சொன்னார். அதனால் இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் மூத்தவன் இருக்கும்போது வீடு இளையவனுக்கு எப்படிப் போனது? அது மட்டும்தான் எனக்குத் தெரியவேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கோர்ட் புத்தகங்களை அங்கங்கே புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கடினம், ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம்தான் நகர்கிறது. 1849-இல், மண்ணைக் கிண்டாமலிருக்க மூக்கில் போடும் வளையம் இல்லாத பன்றியைப் பொதுப் புல்வெளியில் விட்டதற்காக ஆமோஸ் பெல்லிங்குக்கு அபராதம் என்று ஒரு வரி பார்த்தேன். உங்களுக்கும் சிரிப்பு வரும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
வெர்னா மெக்கே


ஹேசல்டன்
12 ஜூன் 1974

திருமதி மெக்கே அவர்களுக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பன்றி டப்பன் வீட்டுப் பன்றி. வேலியில் அவர்கள் பக்கத்து ஓட்டை வழியாக வந்து எங்கள் பன்றிகளோடு சேர்ந்து மேய்ந்தது. டப்பன் கிழவன் கோர்ட் நடந்த விடுதியில் நின்று, "அது எம் பன்னியே இல்ல, நான் அத பாத்ததே இல்ல" என்று சத்தியம் செய்தான். மறுவாரம் அதே பன்றியை அறுத்து உப்புப் போட்டான். தாத்தா எனக்குச் சொன்னார். போன வருஷம் டப்பன் அம்மாள் பன்றிக் கொழுப்பு கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தபோது, "இதுக்காவது மூக்கு வளையம் போட்டீங்களா?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்கு எப்படிப் போனது என்று கேட்கிறீர்கள். நிஜமாகவே தெரியாமல் கேட்கிறீர்களா, தெரியாத மாதிரி கேட்கிறீர்களா? இந்தப் பண்ணை நிலத்தில் எப்போதுமே கடைசி மகனுக்குத்தான் வீடு. மூத்தவர்கள் வளர்ந்து வெளியே போய்ப் பிழைத்துக்கொள்வார்கள், கடைக்குட்டி அப்பா அம்மாவோடு அடுப்படியில் கிடப்பான், வீடும் அவனோடு கிடக்கும். பண்ணைக் கோர்ட் கூடும்போது, நிலத்துக்கு உரிமையான பிரபுவின் காரியஸ்தர் ஒரு கோலை நீட்டுவார், கடைசி மகன் அதன் நுனியைப் பிடிக்கவேண்டும், வீடு அவனுடையது. என் அப்பாவும் கடைசி மகன்தான். அவர் கோல் பிடித்த அன்று எனக்குப் பன்னிரண்டு வயது, விடுதி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆகவே ஆமோஸ் தாத்தா யாரையும் ஏமாற்றவில்லை. உங்கள் ரூபனுக்கு இந்த வீட்டில் ஒரு கதவுப்பிடி கூடக் கிடையாது. அது அவருக்கும் தெரியும். போய் உங்கள் புட்டிங்குக்கு வேறு பெயர் வையுங்கள்.

தாத்தாவைத் திருடன் என்று ஒரு சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் மூன்று தலைமுறையாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதை நான் மறக்கமாட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். திருடியது யார் என்றால் பிரபுவின் ஆட்கள். அவருடைய நிலத்தை வைத்திருக்கிறவன் செத்தால் தொழுவத்தில் உள்ளதிலேயே நல்ல மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். சாவு மாடு என்று சொல்வோம். அப்படி எங்கள் வீட்டிலிருந்து ஒரு பசுவைக் கொண்டுபோனார்கள். தாத்தா சாகிற வரைக்கும் அந்தப் பசுவைப் பற்றித்தான் பேசினார்.

இன்னொன்று. உங்கள் தாத்தா பெயர் சைலஸ் என்கிறீர்கள். என் அப்பா பெயரும் சைலஸ். அது கல்லறைக் கல்லில் பெரிதாக வெட்டியிருக்கிறது. என் கதவைத் தட்டுவதற்கு முன்னால் நீங்கள் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்ததாகத் தபால்காரி சொன்னாள். பொருத்தமாக ஒரு பெயரை எடுத்துக்கொண்டு வந்தீர்களோ?

கெசியா ஹோட்


லூயிஸ்
20 ஜூன் 1974

மதிப்பிற்குரிய திருமதி ஹோட் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அனுப்பாமலே ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நீங்கள் சுற்றி வளைக்கவேண்டாம் என்று சொன்னவர்.

கடைசி மகன் வழக்கம் நீங்கள் சொன்னது சரி. புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதை அந்த மட்டில் தப்பு. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால், திருமதி ஹோட், ஆமோஸ் கடைசி மகன் இல்லை.

1836 அக்டோபர் கோர்ட்டில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். ஹேசல்டன் வீட்டையும் ஆறு ஏக்கரையும் வைத்திருந்த தாமஸ் பெல்லிங் இறந்தார். அவருடைய கடைசி மகனும் பண்ணை வழக்கப்படி வாரிசும் சைலஸ், வயது இரண்டு. குழந்தை என்பதால் அவன் சார்பில் கோலைப் பிடித்தது மூத்த அண்ணன் ரூபன். குழந்தையை வளர்க்கும் பொறுப்பும் ரூபனுக்கு. அடுத்த வசந்தத்தில் ரூபன் கப்பலேறுகிறார்.

என் தாத்தா சைலஸ் 1834-இல் பிறந்தவர். நான் அவரை ரூபனின் மகன் என்று நம்பி வளர்ந்தவள். ரூபனுக்கும் சாரிட்டிக்கும் வேறு குழந்தை இல்லை. நான் எழுதாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். அவர் ரூபனின் மகன் இல்லை. ரூபனுக்கும் ஆமோஸுக்கும் தம்பி. ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, புத்தகம் எடுத்துத் தருகிறவர் வந்து, "என்னம்மா, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார்.

இதற்கு மேல் எழுதுவது கஷ்டம். 1855-இல் சைலஸுக்கு இருபத்தொன்று. வந்து தன் கையால் கோலைப் பிடிக்கவேண்டிய வயது. மூன்று கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் கோர்ட்டில் யாரும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஆமோஸ் எழுந்து, சைலஸ் கனடாவில் இறந்துவிட்டான் என்று சொல்கிறார். அன்றைக்கே வீடு ஆமோஸ் பேருக்குப் போகிறது.

என் தாத்தா 1919-இல் இறந்தார். ஆமோஸ் அவரைச் செத்தவராக ஆக்கி அறுபத்துநாலு வருஷம் கழித்து. என் தலைமுடியைப் பின்னிவிட்டவர் அவர். எனக்கு ரொட்டியில் சர்க்கரை தூவிக் கொடுத்தவர். உயிரோடு இருந்த மனிதனைச் செத்தான் என்று ஒருவர் கோர்ட்டில் சொல்லி, அதனால் ஒரு வீடும் கிடைத்தது என்றால், அவரைப் பற்றி நான் என்ன நினைக்கட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

வெர்னா மெக்கே


ஹேசல்டன்
24 ஜூன் 1974

திருமதி மெக்கே,

ஆக, வந்த விஷயம் வெளியே வந்துவிட்டது. புகைபோக்கியை ஏன் படம் எடுத்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது.

என் மகள் ஐவி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "அம்மா, இத அடுப்புல போடு. பதில் எழுதாத. நீ ஒரு வரி எழுதினாலும் வக்கீல்கிட்ட காட்டுவா. இந்த வயசுல உன்னத் தெருவுல நிக்க வெச்சிட்டா என்ன பண்ணுவ?" என்றாள்.

"உங்க வீட்டுக்கு வந்து உன் சமையல சாப்பிட்டே செத்துருவேன்" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் அன்று உருளைக்கிழங்கைக் கருகவிட்டேன். அறுபது வருஷத்தில் நான் உருளைக்கிழங்கைக் கருகவிட்டதில்லை. அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

நான் இந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நாளும் திருட்டுச் சொத்தில் இருக்கிற நாள் என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். வீடு போனால் போகட்டும், கல்லும் சுண்ணாம்பும். தாத்தா பொய் சொன்னார் என்று நீங்கள் சொல்வதை நான் விடமாட்டேன். என் கையைப் பிடித்து எனக்கு A எழுதப் பழக்கினவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் இருந்ததில்லை, ஆனால் இந்த வீட்டில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதைப் படியுங்கள். தாத்தா சொன்ன பசு, பிரபுவின் ஆட்கள் அவிழ்த்துக்கொண்டு போன பசு, அதை அவர்கள் கொண்டுபோனபோது ஹன்னா பாட்டி பால் கறந்துகொண்டிருந்தாள். பாதிக் கறவையில், முக்காலி மேல் அவள் உட்கார்ந்திருக்கும்போதே அவிழ்த்தார்கள். இது தாத்தா சொல்லி நான் கேட்டது, ஒரு தரம் இல்லை. உங்கள் கடிதம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அவருடைய அப்பா தாமஸ் செத்தபோது தாத்தாவுக்குப் பதினெட்டு வயது. கல்யாணமே ஆகவில்லை. ஹன்னா பாட்டி அப்போது எங்கேயோ அடுத்த ஊரில் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்திருப்பாள். அப்படியானால் அந்தப் பசு யார் செத்ததற்குப் போனது?

சின்ன வயசில் இதை நான் கேட்டேன்.

"யாரு செத்ததுக்குத் தாத்தா மாட்டப் புடிச்சாங்க?"

"சின்னவன் செத்ததுக்கு."

"எந்தச் சின்னவன்?"

"கெசியா, பேசாம ரொட்டியத் தின்னு."

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவர் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார்.

நான் உங்களை நம்பவில்லை. உங்களுக்கு வேண்டியதை மட்டும் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவது கோர்ட்டில் ஆமோஸ் எழுந்து சொன்னார் என்கிறீர்கள். என்ன சொன்னார், முழுசாக? இரண்டாவது கோர்ட்டில் அவர் வாயைத் திறக்கவே இல்லையா? ரூபன் கப்பலேறிப் போனதிலிருந்து அந்த மூன்று கோர்ட் வரைக்கும் நிலத்துக்குக் குத்தகை கட்டியது யார், யார் பேரில்? அந்தப் பசு புத்தகத்தில் இருக்கிறதா? இருந்தால் என்ன நிறம், என்ன அடையாளம்? எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் நீங்கள் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர் என்று பார்க்கலாம். தப்பாகச் சொன்னாலோ, பதிலே வரவில்லை என்றாலோ, உங்கள் குடும்பக் கதையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கெசியா


லூயிஸ்
28 ஜூன் 1974

அன்புள்ள திருமதி ஹோட் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். எனக்கு வேண்டியதைப் பார்த்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மற்ற பக்கங்களை இந்த வாரம்தான் வரி விடாமல் படித்தேன்.

முதலில் பசு. 1855, மூன்றாவது கோர்ட், கடைசி வரி. "சைலஸ் பெல்லிங் இறந்ததற்காகப் பிரபுவுக்குச் சேரவேண்டிய நல்ல மாடு: ஒரு சிவப்புப் பசு, இடது கொம்பு முறிந்தது. ஆமோஸ் பெல்லிங் தொழுவத்திலிருந்து." அவ்வளவுதான் இருக்கிறது. பெயர் இருந்திருக்கும், எழுதவில்லை.

அடுத்தது குத்தகை. ரூபன் போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒரே மாதிரி வரி: "சைலஸ் பெல்லிங்குக்காக, ஆமோஸ் கையால்." ஒரு வருஷம் கூட விடவில்லை. அந்தப் பன்றி வருஷத்திலும் இருக்கிறது. இடையில் இரண்டு தடவை காரியஸ்தர், குழந்தை கடல் தாண்டிப் போய்விட்டது, நிலத்தை உன் பேருக்கே எழுதிவிடவா என்று கேட்டதாகக் குறிப்பு இருக்கிறது. ஆமோஸ் கோலைத் தொட மறுத்தார் என்றும் இருக்கிறது.

இரண்டாவது கோர்ட். ஆமோஸ் எழுந்து, தம்பியை அனுப்பிவைக்கும்படி கனடாவுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை பொறுக்கவேண்டும் என்று கேட்கிறார். பொறுக்கிறார்கள். மூன்றாவது கோர்ட்டில் அவர் சொன்னது முழுசாக இது: "அண்ணன் ரூபனிடமிருந்து கடிதம் வந்தது. அந்த வருஷக் காய்ச்சலில் தம்பி இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்."

இறந்ததாக எழுதியது ரூபன்.

இதை நான் எழுதவேண்டும் என்றுதான் நீங்கள் அந்தக் கேள்விகளைக் கேட்டீர்களோ என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன். இப்போது என் பக்கத்திலிருந்து ஒன்று. என் தாத்தாவுக்கு இருபத்தொரு வயது ஆன வருஷம், ரூபன் தன் பண்ணை முழுவதையும் அவர் பேருக்கு எழுதி வைத்தார். உயிரோடு இருக்கும்போதே. ஊரில் எல்லாரும், "கெழவனுக்கு என்ன ஆச்சு, இப்பவே எல்லாத்தையும் குடுத்துட்டு எங்க போகப்போறான்?" என்று சிரித்தார்களாம். பெருந்தன்மை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். தபாலாபீசுக்கு ரூபன் தவிர யாரும் போகக்கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம். அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிள்ளையில்லாத மனுஷன், இரண்டு வயதிலிருந்து தூக்கி வளர்த்த பையன், அந்தப் பையனைத் திருப்பி அனுப்பு என்று ஒரு கடிதம்.

அண்ணனைத் துரத்திய ஆமோஸ் என்று ஒரு ஆளை நாங்கள் உண்டாக்கி வைத்துக்கொண்டோம். என் தாத்தா எண்பத்தைந்து வயது வரை அந்த ஆமோஸைத் திட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆமோஸ் இங்கே அவருக்காக ஒரு பசுவைக் கொடுத்துவிட்டு, தன் மகனுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்.

எனக்கு வக்கீல் யாரும் இல்லை. உங்கள் மகளிடம் சொல்லுங்கள். எழுதித் தரவேண்டும் என்றால் எழுதியும் தருகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை விமானம். தாத்தா பிறந்த அறையை ஒரு தடவை பார்க்க ஆசை. முடியாது என்றால் வருத்தமில்லை. நீங்கள் அந்தப் பசுவைப் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால் நான் தப்பான கதையோடு விமானம் ஏறியிருப்பேன்.

அன்புடன்,
வெர்னா


ஹேசல்டன்
1 ஜூலை 1974

வெர்னாவுக்கு,

இடது கொம்புதான். முளையடித்துக் கட்டியிருந்தபோது கதவில் மோதிக்கொண்டு முறிந்தது. அதன் பேர் டெய்ஸி இல்லை, செர்ரி இல்லை, வேறு எந்தப் பசுவுக்கும் வைக்கிற பேர் இல்லை. அதன் பேர் கவுண்டஸ். தாத்தா வைத்தது. கொம்பு முறிந்தாலும் அந்தச் சீமாட்டி நடை மாறவில்லையாம். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, ஐவிக்குக் கூட. நீ சோதனையில் தேறிவிட்டாய், அதனால் சொல்கிறேன்.

நீ என்று எழுதுகிறேன். உன் அப்பாவும் என் அப்பாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். வயசில் நீ எனக்குத் தங்கச்சி முறை. தங்கச்சியை நீங்கள் போட்டு எழுதினால் கை வலிக்கிறது.

உன் கடிதத்தைத் தொழுவத்தில் வைத்துப் படித்தேன். இப்போது அங்கே கரி கொட்டி வைத்திருக்கிறேன். கவுண்டஸ் கட்டியிருந்த மூலையில் தாத்தா வேறு மாட்டைக் கட்டவிடவில்லை. மழைக்கு ஒதுங்குகிற மாட்டைக் கூட அடுத்த மூலைக்கு நகர்த்துவார். அப்பாவுக்கு அதன் காரணம் தெரியாது, ஆனால் அவரும் நகர்த்தினார். நானும் அந்த மூலையில் கரி கொட்டுவதில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பிரபுவின் காரியஸ்தர் மேல் எனக்கு இத்தனை வருஷமாக இருந்த கோபத்தை இறக்கி வைக்கவேண்டியதாகிவிட்டது. அவன் இரண்டு தடவை வீட்டை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறான், பொறு என்றதும் பொறுத்திருக்கிறான். பசுவை எடுத்தது அவன் வேலை. பால் கறந்து முடிக்கிறவரை நின்றிருக்கலாம், அதற்குக் கொஞ்சம் கோபத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். மீதி இடம் காலி. அதில் ரூபனை வைத்திருக்கிறேன்.

அவரை மன்னிக்கச் சொல்லி எழுதாதே. நீ எழுதமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். பிள்ளையை விடமுடியவில்லை என்றால், விடமுடியவில்லை என்று எழுதியிருக்கலாம். தாத்தாவுக்குப் புரிந்திருக்கும். அவர் கேட்டதே பிள்ளை வந்து கோலைப் பிடிக்கட்டும் என்றுதான், பிறகு திரும்பிப் போனால் போகட்டும். அதற்குப் பதிலாக உயிரோடு இருக்கிற பையனைக் காகிதத்தில் புதைத்துவிட்டு, அந்தப் பையனிடமே இந்த மனுஷனைத் திருடன் என்று சொல்லி வளர்த்திருக்கிறார். ஒரு பொய் போதாதா? இரண்டு எதற்கு?

ஐவி இன்னும் நம்பவில்லை. "விமானம் ஏறுறதுக்கு முன்னாடி வீட்டப் பாக்கணும்னா, அளந்து பாக்கத்தான்" என்கிறாள். நானும் உன்னை முழுசாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. எழுதித் தருகிறேன் என்றாயே, அதைக் கொண்டு வா. வாங்கி அடுப்பில் போடலாமா, பெட்டியில் வைக்கலாமா என்று உன் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

வியாழக்கிழமை வா. பதினோரு மணி பஸ். வழியில் டப்பன் வீட்டில் நிற்காதே. அவள் கூப்பிட்டால் அவசரம் என்று சொல். காமிராவைக் கொண்டு வரலாம். புகைபோக்கியை எடுத்தது போதும், தொழுவத்து மூலையை எடு. இஞ்சிக் கேக் சுட்டு வைக்கிறேன். இரண்டாவது துண்டு எடுத்தால் அதற்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன், உன் கிறிஸ்துமஸ் மேஜைக்கும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போ.

நீ உயிரோடு வந்து நிற்கப்போகிறாய் என்றால், செத்தது யாரும் இல்லை. செத்தது யாரும் இல்லை என்றால், கவுண்டஸ் சும்மா போன பசு. உங்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு சிவப்புப் பசு பாக்கி. நான் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்டாரியோவில் நல்ல மாடு உண்டா?

பின்வாசலுக்கு வந்ததும் தட்டாதே. கேட்டுக்கு வெளியிலேயே நில். நான் உள்ளேயிருந்து கூப்பிடுவேன். விடுதியில் காரியஸ்தர் கூப்பிட்ட மாதிரியே, "சைலஸ் பெல்லிங்! தாமஸ் பெல்லிங் மகன்!" என்று. யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடமாட்டார்களா என்று அந்த மூன்று தடவையும் தாத்தா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

முதல் தடவையிலேயே பதில் சொல். என் தொண்டை மூன்று தடவைக்குத் தாங்காது.

அக்கா,
கெசியா